உடன் ஏறியவனின் வைத்தியச் செலவு

(இளைஞர் கூட்டத்திலே நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்)



மோட்டார் வாகன விபத்தொன்று நேரும்போது அதிலே அகப்படுவோர் மூவகையினர். வாகனத்தை ஓட்டியவன் ஒருவன். தெருவிலே நின்றோ நடந்தோ அடிபட்டவன் ஒருவன். ஓட்டவும் இல்லாமல், தெருவில் நிற்கவும் இல்லாமல், வெறுமனே ஏறி உட்கார்ந்திருந்தவன் மற்றொருவன். இந்த மூன்றாமவனைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். பக்கத்து ஆசனத்திலோ பின்னாசனத்திலோ இருந்தவனுக்குக் கைகால் முறிந்தால் அவனுடைய வைத்தியச் செலவை யார் கொடுப்பது? இச்சபையிலே வாகனம் ஓட்டுவோர் சிலர்தாம். பிறருடைய வாகனத்தில் ஏறாதவரோ ஒருவருமில்லை. ஆகையால் இஃது எல்லோருக்கும் உரிய விஷயமென்றே நினைக்கின்றேன்.

மனுநீதி கண்ட சோழனுடைய கதை நாமெல்லாம் சிறுவயது முதற் கேட்டது. இளவரசன் ஏறிச்சென்ற தேர்க்காலிலே கன்று அகப்பட்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் தன் மகன் என்றும் பாராமல் நீதி செய்தான். தெருவிலே நின்ற உயிருக்கு வாகனத்துக்குரியவன் பொறுப்பாளி என்பதை இதனிலும் அழுத்தமாகச் சொன்ன கதையை நான் கேட்டதில்லை. ஆனால் அதே தேரிலே கூட ஏறிச்சென்ற தோழன் ஒருவன் கீழே விழுந்து கை முறிந்திருந்தால் அவன் எந்த மணியைப் போய் அடித்திருப்பான் என்று நான் யோசித்ததுண்டு. கதையிலே அவனுக்கு இடமில்லை. வேடிக்கை என்னவெனில், இருபதாம் நூற்றாண்டின் சட்டமும் நெடுங்காலம் அவனை அப்படியே மறந்திருந்தது.

இங்கிலாந்திலே 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம், வாகனம் வைத்திருப்போர் யாவரும் மூன்றாம் ஆளுக்கான காப்புறுதியை எடுத்தே தீரவேண்டும் என்று விதித்தது. 1931 ஜனவரி 1ஆந் தேதி அது நடைமுறைக்கு வந்தது. மோதியவன் கையில் காசில்லாதவனாயிருந்தாலும் அடிபட்டவன் கைவிடப்படலாகாது என்பது அதன் நோக்கம். மிக நல்ல நோக்கமே. ஆயினும் அதே சட்டத்துக்குள்ளே ஒரு விலக்கும் இருந்தது. வாடகைக்கு ஏற்றப்பட்ட பிரயாணியையும், தொழில் ஒப்பந்தத்தின் நிமித்தம் ஏற்றப்பட்டவனையும் தவிர, வாகனத்துக்குள் இருந்த வேறெவருக்காகவும் காப்புறுதி எடுக்கவேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. காசு கொடுத்து ஏறியவன் உள்ளே. அன்பினால் ஏற்றப்பட்டவன் வெளியே!

இதனால் விளைந்தது என்ன? கார்ச் சொந்தக்காரர் சிலர், "இவ்வாகனத்தில் ஏறுவோர் தம் சொந்தப் பொறுப்பிலேயே ஏறுகின்றனர்" என்ற கருத்துப்பட ஓர் அறிவித்தலை எழுதி முன்னாலே ஒட்டி வைத்தனர். அப்படி ஒட்டப்பட்ட காரொன்றிலே போய்க் காயமுற்ற நண்பன் ஒருவனுடைய வழக்கு பென்னெட் எதிர் டக்வெல் என்ற பெயரால் 1971ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பிலே இருக்கின்றது. ஓட்டியவன்மேல் தவறு இருந்தும், அறிவித்தலைக் கண்டும் ஏறினான் என்ற காரணத்தினால் அவன் தோற்றான். இந்நிலையைக் கண்டுதான் பாராளுமன்றம் விழித்துக்கொண்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதே 1971இல் பிரயாணிகள் காப்புறுதிச் சட்டமொன்று நிறைவேறியது. 1972 டிசெம்பர் 1ஆந் தேதி தொடக்கம் உள்ளே இருப்பவனுக்கும் காப்புறுதி கட்டாயமாயிற்று. அத்தகைய அறிவித்தல்களும் செல்லாக் காசாயின. கணக்குப் பார்த்தால் நாற்பத்தொரு வருடமும் பதினொரு மாதமும். மூவரிலும் தவறு செய்யச் சிறிதும் வாய்ப்பில்லாதவன் அவன்தான். அவனே கடைசியாக நினைக்கப்பட்டான்.

எங்கள் நாட்டுக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே இன்றும் எம்முடைய அடிப்படைச் சட்டம். மூன்றாம் ஆள் காப்புறுதி இல்லாமல் எந்த வாகனத்துக்கும் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. ஆனால் அச்சட்டத்தின் காப்புறுதிப் பகுதி பழைய ஆங்கிலேய அச்சிலே வார்க்கப்பட்டது. எனவே வாடகைப் பிரயாணிக்கும் உறவுக்காக ஏறியவனுக்கும் இடையிலுள்ள அந்தப் பேதமும் கூடவே வந்து சேர்ந்தது. பஸ்ஸிலே ரிக்கற் எடுத்து ஏறியவன், ஓட்டோவிலே கூலி பேசி ஏறியவன் ஆகியோரின் நிலை பலமானது. மச்சானுடைய காரிலே கல்யாண வீட்டுக்குப் போனவன் "மூன்றாம் ஆள் காப்புறுதி இருக்கிறதுதானே" என்று நம்பியிருக்கலாகாது. அவனுக்கு அது கைகொடுக்காமற் போகலாம்.

இவ்விடத்திலே ஒரு நுட்பம் உண்டு. அநேகர் இதைக் கவனிப்பதில்லை. இரண்டு வாகனங்கள் மோதினால், எங்கள் காரிலே இருந்தவன் மற்ற லொறியைப் பொறுத்தவரையில் முழுக்க முழுக்க மூன்றாம் ஆள். லொறிச் சாரதியின் பக்கத்திலே தவறு இருந்தால் லொறியின் கட்டாயக் காப்புறுதி அவனுக்குப் பொறுப்பு. இருவர்மீதும் தவறு இருந்தால்? 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கூட்டாகத் தவறிழைத்தோரைப் பற்றிச் சொல்கின்றது. காயப்பட்டவன் இருவரையும் சேர்த்தே வழக்கில் நிறுத்தலாம். யார் எவ்வளவு தவறு செய்தார் என்ற பங்கு பிரிப்பு அவர்களுக்குள் நடக்கட்டும். சாரதிகள் இருவரும் தெருவிலே நின்று "நீயா நானா" என்று வாதிடும்போது, பின்னாசனத்திலே முனகிக்கொண்டிருப்பவனுக்கு அந்த வாதத்தில் யார் வென்றாலும் ஒன்றுதான்.

இனி, நான் நேரிலே அறிந்த ஒரு சம்பவம். என் அயலிலுள்ள நண்பன் ஒருவன், கூலி வேலை செய்பவன், தன் தாய்மாமனுடைய காரிலே வவுனியாவுக்கு ஒரு விசேஷத்துக்குப் போனான். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள். சிறிது தூரத்திலே மாடொன்று குறுக்கே வர, மாமா வெட்டித் திருப்ப, கார் மதகிலே மோதியது. வேறு வாகனம் எதுவும் சம்பந்தப்படவில்லை. மாமாவுக்கு நெற்றியிலே ஒரு கீறல். இவனுக்குத் தொடையெலும்பு முறிந்தது.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தார்கள். நோயாளர் வண்டி வந்தது. "சுவசெரிய" என்னும் இச்சேவை 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி 2018இல் எமது வடமாகாணத்துக்கு வந்தது. அதற்கும் காசில்லை, அரசினர் வைத்தியசாலைக்கும் காசில்லை. சத்திரசிகிச்சையும் அங்கேயே நடந்தது. "அப்படியானால் செலவு எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்பீர்கள். வெளியிலே எடுக்கச் சொன்ன ஸ்கான், அங்கே கையிருப்பில் இல்லாததால் வெளியிலே வாங்கிய மருந்துகள், வீட்டுக்கு வந்தபின் தனியாரிடம் பெற்ற காலப் பயிற்சி, ஒவ்வொரு கிளினிக்குக்கும் பிடித்த ஓட்டோ, மேலாகப் பல மாதம் இல்லாமற்போன நாட்கூலி. இலவச வைத்தியம் உள்ள நாட்டிலே ஏழையைக் கடன்காரனாக்குவது இந்தச் சில்லறைகள்தாம். 2022இன் நெருக்கடியிலே மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

விபத்து நடந்த இடத்துக்குக் காப்புறுதிக் கம்பனியின் ஆள் மோட்டார் சைக்கிளிலே வந்து சேர்ந்தார். காரின் முன்பக்கத்தைப் பல கோணங்களிலே படம் பிடித்தார். உடைந்த விளக்குக்கும் நெளிந்த தகரத்துக்கும் கணக்கெழுதினார். உள்ளே இருந்து எடுத்துச் செல்லப்பட்டவன் யார், அவனுக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. மாமாவுக்கும் சொல்லத் தோன்றவில்லை. காருக்கு உரிய பணம் வந்துவிட்டது. கார் புதிதுபோல் ஓடிற்று. மருமகன் ஊன்றுகோலோடு திண்ணையிலே இருந்தான்.

மாமா நல்லவர். தம் கையிலிருந்ததைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் கையும் வற்றியது. அவ்வேளையிலே நான் போய், "காரின் காப்புறுதியை ஒருமுறை பார்த்தாலென்ன?" என்று கேட்டேன். நண்பனுடைய தாயார் சொன்ன பதில் இன்னும் என் காதிலே நிற்கின்றது. "தம்பி, சொந்தச் சகோதரத்தைக் கோட்டுக்கு இழுக்கிறதோ? நாளைக்கு அவற்றை படலையாலை எப்பிடி உள்ளுக்குப் போறது?"

இப்பதிலை அறியாமை என்று தள்ளிவிட நான் துணியேன். அவர் சொன்னதிலே உண்மை உண்டு. கம்பனிதானே கொடுக்கப்போகிறது, மாமாவுக்கு என்ன என்று சொல்வது எளிது. ஆனால் வழக்கென்று வந்தால் பிரதிவாதியின் இடத்திலே எழுதப்படுவது மாமாவின் பெயர். அவர் கவனயீனமாக ஓட்டினார் என்று மருமகனே மன்றிலே சொல்லவேண்டும். எங்கள் சமூகத்திலே அச்சொல் ஒரு தலைமுறைக்குப் பேசப்படும்.

ஆதலாற்றான் என் அபிப்பிராயத்தை இங்கே வெளிப்படையாகச் சொல்கின்றேன். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். கேட்கின்ற கூச்சத்தைக் காயப்பட்டவன் தலையிலே சுமத்துவது தகாது. "என் வாகனத்திலே இருந்தவருக்குக் காயம்" என்று கம்பனிக்கு முதலில் எழுதவேண்டியவர் வாகனத்தை ஓட்டியவரே. காருக்குக் கேட்கக் கூச்சப்படாத நாங்கள் மருமகனுக்குக் கேட்க ஏன் கூச்சப்பட வேண்டும்? கம்பனிக்கு ஆண்டாண்டாகக் கட்டுப்பணம் கட்டியவரும் அவர்தானே.

அப்படியே செய்வித்தோம். மாமாவினுடைய காப்புறுதி முழுக் காப்புறுதி. பத்திரத்தை விரித்துப் பார்த்தால், சாரதிக்கும் பிரயாணிகளுக்கும் விபத்துக் காப்பு என்று ஒரு வரி இருந்தது. ஒவ்வோராண்டும் அதற்கென்று சிறுதொகை கட்டப்பட்டும் வந்திருக்கிறது. மாமாவுக்கே அது தெரியாது. இவ்வகைக் காப்பின் சிறப்பு என்னவெனில், யார்மீது தவறு என்ற கேள்வியே அங்கே எழாது. வழக்கும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. எழுதப்பட்ட தொகை எல்லை வரையில் கிடைக்கும். மாமா தாமே கடிதம் எழுதி, தாமே அலைந்து வாங்கிக் கொடுத்தார். முழுச் செலவுக்கும் அது போதவில்லை. ஆனால் கடன் அடைந்தது. படலையும் திறந்தே இருக்கிறது.

எல்லாப் பத்திரத்திலும் அவ்வரி இருக்குமென்று எண்ணிவிடாதீர்கள். கேட்டு எழுதுவித்தாலன்றிப் பல பத்திரங்களில் இராது. வாகனம் வைத்திருக்கும் பெரியோர்கள் இன்றிரவு வீட்டுக்குப் போனதும் தேடிப் பார்க்கலாம்.

வேறு வாசல்களும் உண்டு. அரசாங்க உத்தியோகத்தர் குடும்பங்களுக்கு "அக்கிரஹார" வைத்தியக் காப்புறுதி உண்டு. அதை நடத்துவது 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் உண்டான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். விபத்துக்கு வேறு, நோய்க்கு வேறு என்று எண்ணி அதைப் பாவியாதிருப்போர் பலர். முதலாளியின் லொறியிலோ உழவு இயந்திரப் பெட்டியிலோ வேலைக்காக ஏற்றிச் செல்லப்பட்டவன் காயமுற்றால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அவனுக்குக் கைகொடுக்கும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வழியிலே நேரும் விபத்துக்களும் அதற்குள் அடங்கும். வெங்காயம் கிண்டப் போகும் பெண்களை இயந்திரப் பெட்டியிலே நிற்க வைத்து ஏற்றிச்செல்லும் எங்கள் ஊர்களிலே இச்செய்தி அவர்களைச் சென்று அடையவில்லை என்பது என் மனக்குறை.

வழக்குத்தான் வழி என்ற நிலை வந்தால், எங்கள் நாட்டிலே அது உரோமன் டச்சுச் சட்டத்தின் கீழே மாவட்ட நீதிமன்றத்தில் நடப்பது. பொலிசார் நீதவான் நீதிமன்றத்திலே சாரதிமேல் தொடுக்கும் வழக்கு வேறு, இது வேறு. அங்கே சாரதி தண்டப்பணம் கட்டிவிட்டதால் இங்கே காயப்பட்டவனுக்கு எதுவும் வந்துவிடாது. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் இரண்டு வருட எல்லை வைத்திருக்கின்றது. "கால் முற்றாகச் சுகப்படட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருந்தவர்கள் சட்டத்தரணியிடம் போனபோது மூன்றாம் ஆண்டு நடந்துகொண்டிருந்த கதைகள் உண்டு.

ஆகையால் முதல் வாரத்திலேயே செய்யவேண்டியவை சில. பொலிஸ் நிலையத்திலே இரு வாகனக்காரரும் சமாதானமாகப் போய்விட்டால், உள்ளே இருந்தவன் இருந்தான் என்பதற்கே எழுத்து இராது. அவன் பெயரும் அவன் வாக்குமூலமும் புத்தகத்திலே ஏறவேண்டும். ஆஸ்பத்திரியிலே சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்தாரா என்று விசாரிக்க வேண்டும். வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் காட்டைப் பூசையறையிலே வைத்துக் காப்பாற்றுங்கள். அதைத் தொலைத்தவன் பாடு பெரும்பாடு. மருந்துக்கடைத் துண்டுகளில் நோயாளியின் பெயரும் தேதியும் எழுதுவியுங்கள். பெயரில்லாத துண்டு கம்பனிக்கு வெறுங் கடதாசி. ஓட்டோக்காரரிடமும் ஒரு துண்டு கேட்டால் அவர் சிரிப்பார். சிரிக்கட்டும், எழுதி வாங்குங்கள். இரண்டு இடத்திலே கோர வேண்டியிருந்தால் இரண்டு இடத்தாரும் மூலப்பிரதியையே கேட்பார்கள். கொடுக்குமுன் பிரதி எடுத்து அத்தாட்சிப்படுத்திக் கொள்ளுதல் நலம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, "இத்தொகையோடு எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது" என்ற பத்திரத்திலே அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்கலாகாது. எலும்பு பொருந்தியதா, இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டுமா என்பது மாதங்கள் கழிந்தே தெரியவரும். கட்டிலருகே நீட்டப்படும் சிறுதொகை அப்போது பெரிதாகத்தான் தோன்றும்.

ஏறியவன்மேலும் சில கடமைகள் உண்டு. 1975இல் புறூம் எதிர் புச்சர் என்ற வழக்கிலே இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஆசனப்பட்டி அணிந்திருந்தால் காயமே வந்திராது எனின் நட்டஈட்டில் 25 வீதமும், காயம் வெகுவாகக் குறைந்திருக்கும் எனின் 15 வீதமும் கழிக்கலாம் என்று வகுத்தது. அடுத்த ஆண்டு ஓவன்ஸ் எதிர் பிறிம்மெல் வழக்கிலே, சாரதியோடு சேர்ந்து குடித்துவிட்டு அவனோடேயே காரில் ஏறியவனுக்கு 20 வீதம் கழிக்கப்பட்டது. எமது 1968ஆம் ஆண்டுச் சட்டத்திலும் காயப்பட்டவனின் பங்கைக் கழிக்கும் நியதி இருக்கின்றது. முன்னாசனப் பட்டி இங்கே 2011 முதல் கட்டாயம். கலியாண வீட்டுக் கொட்டகைக்குப் பின்னாலே போத்தல் திறந்த இடத்திலிருந்து எழுந்து வந்தவர் சாரதி ஆசனத்தில் ஏறினால், நீங்கள் இறங்கிவிடுங்கள். மரியாதைக் குறைவு என்று எண்ணாதீர்கள். சிதம்பரமாயினும் செல்வச்சந்நிதியாயினும் பஸ் இருக்கின்றது.

சிதம்பரம் என்றதும் ஞாபகம் வருகின்றது. யாத்திரையாக இந்தியாவுக்குச் செல்வோர் எம்மிலே பலர். அங்கே வாடகைக் காரிலேதான் ஊரூராகப் போகின்றார்கள். தமிழ்நாட்டரசு 2021 டிசெம்பரில் "இன்னுயிர் காப்போம்" என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. விபத்து நடந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த தனியார் வைத்தியசாலையிலும் கட்டணமின்றிப் பெறலாம். தொடக்கத்திலே ஒரு இலட்சம் இந்திய ரூபா எல்லை வைக்கப்பட்டது. அவ்வேளையிலே "பணம் கட்டினால்தான் கட்டில்" என்று யாரும் சொன்னால், இத்திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தனியார் காரிலே உறவினரோடு போகிறவர் நிலையில் அங்கேயும் எங்களுக்குள்ள அதே சிக்கல் இருந்தது. முழுக் காப்புறுதி உள்ள காரிலே இருந்தவர்களுக்கும் கம்பனி பொறுப்பு என்பதைக் காப்புறுதி ஒழுங்காற்று ஆணையம் 2009இல் சுற்றறிக்கையாக எழுதி அறிவித்தது. உச்ச நீதிமன்றம் 2012இல் அவ்வேறுபாட்டை எடுத்துச் சொன்னது. வெறும் கட்டாயக் காப்புறுதி மட்டுமுள்ள கார் என்றால் அவ்வுறுதி இல்லை.

நியூசிலாந்து மக்கள் இத்தனை சுற்றும் வேண்டாமென்று 1974 ஏப்ரில் தொடக்கம் வேறொரு வழியிலே போனார்கள். யார் தவறென்று கேளாமல், விபத்திலே காயப்பட்ட எவருக்கும் பொது நிதியிலிருந்து சிகிச்சையும் சம்பளத்தில் ஒரு பகுதியும். ஈடாக, காயத்துக்கு நட்டஈடு கேட்டு வழக்குப்போடும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அங்கே ஒரு மருமகன் மாமாவின் பெயரைப் பிரதிவாதியென்று எழுதவேண்டியதில்லை. எங்கள் நாட்டு நிதிநிலைக்கு இது கூடுமோ என்று பெரியோர்கள் கேட்கலாம். முழுவதும் கூடாமற் போகலாம். பிரயாணிகளுக்கான அந்த ஒரு வரியைக் கட்டாயமாக்குவதற்கு அவ்வளவு பணம் வேண்டியதில்லை என்பதே என் துணிபு.

கடைசியாக ஒரு விண்ணப்பம். எமது சங்கம் அடுத்த மாதம் கதிர்காமத்துக்கு இரண்டு வான்களை அமர்த்தவிருக்கிறதாக அறிகின்றேன். தனியார் பாவனைக்கென்று காப்புறுதி எடுத்துவிட்டு வாடகைக்கு ஓடும் வான்கள் பல உண்டு. விபத்து நடந்தபின் கம்பனி முதலில் பார்ப்பது அதைத்தான். முற்பணம் கொடுக்குமுன் இரண்டு வான்களின் காப்புறுதிப் பத்திரங்களையும் வாங்கி, வாடகைக்கு ஓட அனுமதி எழுதப்பட்டிருக்கிறதா, பிரயாணிகளுக்கான காப்பு எத்தனை ஆசனத்துக்கு இருக்கிறது என்று பார்க்கவேண்டும். அவ்வேலையை நானே செய்து தருகின்றேன். புதன்கிழமை மாலை வாசிகசாலையிலே இருப்பேன். தங்கள் வீட்டுக் காரின் பத்திரத்தையும் கொண்டுவர விரும்புவோர் கொண்டுவரலாம்.